அத்திவாரத்தைக் கேட்காமல் சுவரைப் பூசுகின்றோம்

வடக்கில் ஓகஸ்ட் மாதம் வீடு திருத்தும் மாதமாகிவிட்டது. நல்லூர்த் திருவிழாவும் மேற்கு நாடுகளின் பாடசாலை விடுமுறையும் ஒன்றாக வருவதால், புலம்பெயர்ந்த உறவுகள் பெருமளவில் ஊர் திரும்பும் காலம் அது. அவர்கள் வந்திறங்குவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் முன்பே பணம் வந்து சேர்ந்துவிடும். மேசன்மாருக்கு ஓய்விராது. சுவரிலுள்ள வெடிப்புகள் சீமெந்தினால் அடைக்கப்படும். அதன்மேல் பூச்சு, பூச்சின்மேல் பெயின்ற். வருபவர்கள் புதிதாய் மினுங்கும் வீட்டின் முன்னால் நின்று படமெடுத்துக்கொண்டு, விடுமுறை முடிய விமானமேறுவார்கள். பின்னர் மாரி பிறக்கும். தைப்பொங்கலுக்கு முன்னரே அதே சுவரில், அதே இடத்தில், அதே வெடிப்பு மீண்டும் வாய் திறக்கும்.

அடுத்த ஓகஸ்ட்டில் மீண்டும் பணம் வரும். மீண்டும் அதே மேசன் வருவார்.

பத்திரிகைத் தொழிலில் பல தசாப்தங்களாக ஊர் ஊராக அலைந்தவன் என்ற வகையில், இந்தச் சுழற்சியை வலிகாமத்திலும் தென்மராட்சியிலும் மன்னாரிலும் கிளிநொச்சியிலும் கண்டு வந்திருக்கின்றேன். வீடு கட்டுவது எமது மக்களுக்கு ஒரு தலைமுறையின் உழைப்பு. போர் அந்த உழைப்பைப் பறித்தது. பலர் ஒரே வாழ்நாளில் இரண்டாவது வீட்டைக் கட்டியிருக்கின்றார்கள். அந்த இரண்டாவது வீடும் மண்ணுக்குள் மெல்ல இறங்கிக்கொண்டிருக்க, நாம் அதன் முகத்துக்குப் பவுடர் பூசிக்கொண்டிருக்கின்றோம் என்பதே இக்கட்டுரையின் முறைப்பாடு. இதில் மேசன்மாரை மட்டும் குறைகூறிப் பயனில்லை. பணம் கொடுப்பவர் கேட்பதையே அவர்கள் செய்கின்றார்கள். நாம் கேட்பது, வெடிப்பு மறையவேண்டும் என்பதைத்தான். அது ஏன் வந்தது என்று கேட்பவர் அரிது.

ஓகஸ்ட் ஏன் பிழையான மாதம்?

வீட்டின் அத்திவாரத்தை அசைப்பது பெரும்பாலும் நீர். நீர் கூடினாலும் அசையும், குறைந்தாலும் அசையும். ஓகஸ்ட் என்பது வடக்கின் உலர்ந்த மாதங்களுள் ஒன்று. அந்த மாதத்தில் வீட்டைப் பார்ப்பவருக்குக் கதையின் பாதி மட்டுமே தெரியும். எந்தப் பாதி என்பது அவரது வளவின் மண்ணைப் பொறுத்தது.

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்தை அண்டிய முருங்கன் பகுதியை எடுத்துக்கொள்வோம். அங்குள்ளது கரிய களிமண். 1950இல் தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலைக்குக் களி முருங்கனிலிருந்தே புகையிரதத்தில் போனது என்பது பழையவர்களுக்கு நினைவிருக்கும். நெல்லுக்கு உகந்த மண் அது. வீட்டுக்குத் தொல்லையான மண். மாரியில் நீரைக் குடித்து வீங்கும். கோடையில் சுருங்கி, கைவிரல்கள் நுழையுமளவுக்குப் பிளக்கும். துணுக்காய்ப் பகுதியின் சில இடங்களிலும் இவ்வாறான மண் உண்டு.

இத்தகைய மண்ணில் ஆழங்குறைந்த அத்திவாரத்தில் வீடு கட்டினால் என்ன நடக்கும்? கூரையின் நிழலிலுள்ள நடுப்பகுதி மண் ஓரளவு ஈரமாகவே இருக்கும். வெளிச்சுவர்களை ஒட்டிய மண் கோடையில் காய்ந்து சுருங்கும். அதனால் வீட்டின் மூலைகள் இறங்கும், சுவர் வெடிக்கும். மாரியில் மண் வீங்கி மூலைகளை மேலே தள்ளும், வெடிப்பு ஒடுங்கும். வெடிப்பு ஆகக்கூடுதலாக விரிந்திருக்கும் ஓகஸ்ட், செப்ரெம்பர் மாதங்களில் அதற்குள் கடுஞ்சீமெந்தை அடைத்துவிட்டால், மாரியில் அது ஒடுங்க இடமில்லை. அடைத்த சீமெந்து ஆப்பாக நின்று, பக்கத்தில் புதிய வெடிப்பை உண்டாக்கும். வீட்டுக்காரர் மேசனைத் திட்டுவார். மேசன் சீமெந்தின் தரத்தைத் திட்டுவார்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கதை வேறு. வலிகாமத்தின் பெரும்பகுதியில் செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக்கற் பாறை கிடக்கின்றது. சில இடங்களில் ஓரிரு அடியிலேயே அலவாங்கு கல்லில் இடிக்கும். பாறைமேல் நேராக இருக்கும் அத்திவாரத்துக்கு இறக்கமில்லை. ஆனால், ஒரு சுவரின் பாதி பாறையிலும் மறுபாதி நிரப்பிய மண்ணிலும் நின்றால், நிரப்பிய பக்கம் மட்டும் மழையில் இறங்கும். சுண்ணாம்புக்கல் நீரில் மெல்லக் கரையும் கல் என்பதையும் மறத்தலாகாது. நிலாவரைக் கிணறு, கல் கரைந்து மேற்பகுதி உள்விழுந்ததால் உண்டானதென்றே புவியியலாளர் விளக்குவர். ஒவ்வொரு வளவிலும் நிலாவரை இருப்பதாகப் பயமுறுத்துவது எனது நோக்கமன்று. மழைக்காலத்தில் முற்றத்தில் திடீரென ஒரு பள்ளம் விழுந்தாலோ, வெள்ளம் ஒரே இடத்தில் சுழித்து இறங்கினாலோ அதனை மக்கி போட்டு மூடிவிட்டு மறந்துவிடக்கூடாது என்பதே நான் சொல்ல வருவது.

இவற்றை ஓகஸ்ட்டில் பார்க்க முடியாது. கூரைத்தண்ணீர் எங்கே விழுகின்றது, எந்த மூலையில் தேங்குகின்றது, எந்த வாய்க்கால் அடைபட்டிருக்கின்றது என்பதையெல்லாம் நவம்பரில் குடைபிடித்துக்கொண்டு வளவைச் சுற்றி வருபவர் மாத்திரமே காண்பார்.

வெடிப்பை வாசித்தல்

எல்லா வெடிப்பும் அத்திவாரத்திலிருந்து வருவதன்று. பூச்சு காயும்போது சிலந்திவலைபோல் விழும் மயிரிழைக் கீறல்களால் ஆபத்தில்லை. கொங்கிறீட் தூணிலோ பீமிலோ கம்பியின் நீளத்துக்கு நேர்கோடாக ஓடி, துருக்கறை கசியும் வெடிப்பு, உள்ளேயிருக்கும் கம்பி துருவேறி வீங்குவதன் அடையாளம். கழுவாத கடல் மணலால் கட்டிய வீடுகளிலும் கரையோர வீடுகளிலும் இது கூடுதலாக வரும். சுவரின் அடியில் உப்புப் பூத்துப் பூச்சு உதிர்வது, நிலத்து ஈரம் சுவரில் ஏறுவதைக் காட்டும். இவை வேறு நோய்கள். இவற்றுக்கு வேறு மருந்து.

அத்திவார அசைவின் அடையாளங்கள் பின்வருவன. யன்னல், கதவு ஆகியவற்றின் மூலையிலிருந்து சரிவாகக் கிளம்பும் வெடிப்பு. கல் வரிசைகளின் பொருத்துகள் வழியே படிக்கட்டுப்போல் ஏறும் வெடிப்பு. உள்ளும் புறமும் ஒரே இடத்தில் தெரியும் வெடிப்பு. நேற்றுவரை ஒழுங்காகப் பூட்டிய கதவு இன்று நிலையில் இறுகுதல். சுவருக்கும் நிலத்துக்குமிடையே இடைவெளி தோன்றுதல். பிற்காலத்தில் சேர்த்துக் கட்டிய அறையோ போர்ட்டிகோவோ பழைய சுவரை விட்டு விலகுதல்.

வெடிப்பின் அகலம் எங்கே கூடுதலாக இருக்கின்றதென்று பாருங்கள். மேலே விரிந்து கீழே ஒடுங்கியிருந்தால் சுவரின் அந்தம், அதாவது மூலைப்பக்கம், இறங்குகின்றது என்று பொதுவாகக் கொள்ளலாம். கீழே விரிந்து மேலே ஒடுங்கியிருந்தால் நடுப்பகுதி தாழ்கின்றது. தோண்டிப் பார்க்கவேண்டிய இடத்தைச் சுவரே காட்டித்தருகின்றது. பூசி மறைப்பவர் அந்தச் சாட்சியத்தை அழித்துவிடுகின்றார்.

அகலத்துக்கு ஓர் அளவுகோலும் உண்டு. பிரித்தானியாவின் கட்டட ஆராய்ச்சி நிலையம் வகுத்த வகைப்பாட்டின்படி, 1 மில்லிமீற்றர் வரையானவை அழகைக் கெடுப்பவை மட்டுமே. 5 மில்லிமீற்றர் வரை சிறு திருத்தத்துடன் தீரும். 5 முதல் 15 வரையானவற்றில் கதவு யன்னல்கள் இறுகத் தொடங்கும். 15ஐத் தாண்டினால் சுவரின் பகுதிகளை உடைத்துக் கட்டவேண்டிவரும். 25ஐத் தாண்டினால் கட்டடம் நிலைகுலையும் அபாயம் உண்டு. ஆனால், அகலத்தைக் காட்டிலும் முக்கியமானது அது இன்னமும் வளர்கின்றதா என்பதே. இருபது ஆண்டுகளுக்கு முன் விழுந்து அப்படியே நின்றுவிட்ட 6 மில்லிமீற்றர் வெடிப்பைவிட, இந்த மாரியில் 2 மில்லிமீற்றர் வளர்ந்த வெடிப்பு கவலைக்குரியது.

இதை அறிய ஒரு பென்சிலும் ஓர் அடிமட்டமும் போதும். வெடிப்பின் இரு முனைகளிலும் குறுக்குக் கோடு போட்டுத் திகதி எழுதுங்கள். அதன் இருபுறமும் இரு புள்ளிகளிட்டு இடைத்தூரத்தை அளந்து ஒரு கொப்பியில் குறியுங்கள். மாதமொருமுறை அளவுங்கள். ஒரு கோடையும் ஒரு மாரியும் கடந்தபின் அந்தக் கொப்பியைப் பொறியியலாளர் ஒருவரிடம் காட்டினால், அவர் அரைமணி நேரத்தில் சொல்லக்கூடியதை வேறெந்த நிபுணராலும் ஒரே நாள் வருகையில் சொல்லிவிட முடியாது. லண்டனிலும் பாரிசிலும் இருப்பவர்கள் கைத்தொலைபேசியில் மாதமொரு படம் அனுப்பும்படி கேட்கலாம். படத்தில் அடிமட்டமும் இருக்கவேண்டும்.

ஒரு விதிவிலக்கு: வெடிப்பு நாட்கணக்கில் விரிந்தாலோ, சுவர் கண்ணுக்குத் தெரியச் சாய்ந்தாலோ காத்திருக்க வேண்டாம். அந்த அறையை விட்டு ஆட்களை வெளியேற்றிவிட்டுப் பொறியியலாளரை அழையுங்கள்.

எமது நிலத்துக்கேயுரிய காரணங்கள்

நூல்களில் சொல்லப்படாத சில காரணங்கள் எமது வளவுகளில் உண்டு.

முதலாவது பங்கர். போர்க்காலத்தில் பதுங்குகுழி வெட்டாத வீடு அரிது. ஓடி ஒளிய வசதியாகச் சுவரை அண்டியே பலர் வெட்டினார்கள். ஊர் திரும்பியபோது அக்குழிகள் குப்பை, உடைந்த ஓடு, தென்னங்குற்றி, இளகிய மண் ஆகியவற்றால் நிரப்பப்பட்டன. பின்னர் அவற்றின்மேல் குசினியோ குளியலறையோ எழுந்தது. நான் அறிந்த ஒரு வலிகாமத்து வீட்டில் பின்னறைச் சுவர் மூன்று முறை பூசப்பட்டும் வெடித்தது. நான்காம் முறை, வெளிநாட்டிலிருந்து வந்த மகன் பொறியியலாளரை அழைத்துவந்தபோது, விறாந்தையில் இருந்த தாயார் சொன்னார்: “அதுக்குக் கீழைதானே தம்பி எங்கட பங்கர் கிடந்தது. என்னை ஒருத்தரும் கேக்கேல்லை.” தோண்டியபோது உக்கிய மரக்குற்றியும் வெறும் இடைவெளியும் இருந்தன. மூன்று பூச்சுக்குச் செலவழித்த பணத்தில் அந்தச் சுவரின் அத்திவாரத்தை எப்போதோ பலப்படுத்தியிருக்கலாம்.

இரண்டாவது, கூரையின்றி நின்ற ஆண்டுகள். 1990இல் இடம்பெயர்ந்த வலிகாமம் வடக்கு மக்கள் பலர் தமது காணிகளை மீண்டும் காண இருபது ஆண்டுகளுக்குமேல் காத்திருக்க வேண்டியிருந்தது. ஓடும் மரமும் போன வீடுகளின் சுவர்களுக்குள் அத்தனை மாரிகளும் நேராக இறங்கின. ஆலும் அரசும் வேர் விட்டன. இவ்வாறான வீட்டின் பழைய அத்திவாரத்தின்மேல், பார்ப்பதற்குப் பலமாய் இருக்கின்றதே என்று, நேரடியாகப் புதுச்சுவர் எழுப்பியவர்கள் பலர். வேரை மேலே வெட்டிவிட்டு உள்ளே விட்டால், அது உக்கிய இடத்தில் பொந்து மிஞ்சும். இத்தகைய காணிகளில் தோண்டும்போது சந்தேகத்துக்குரிய பொருள் தென்பட்டால், கைவைக்காமல் பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றுவோருக்கோ அறிவிக்கவேண்டும் என்பதையும் இங்கு சொல்லிவைக்கின்றேன்.

மூன்றாவது, பழைய நாற்சார் வீடுகள். அவற்றின் உட்கூரைகள் முற்றத்தை நோக்கிச் சரிந்தவை. அந்தக் கூரைகளின் மழை முழுவதும் முற்றத்தில் விழுந்து ஒரு தூம்பு வழியே வெளியேறும். அந்தத் தூம்பு அடைபட்டால் வீட்டின் நடுவே குளம். அத்திவாரம் உள்ளிருந்து நனையும். இவ்வீடுகள் சுண்ணாம்புச் சாந்தால் கட்டப்பட்டவை. சுண்ணாம்பு சிறு அசைவுக்கு நெகிழ்ந்துகொடுக்கும், ஈரத்தையும் வெளியேவிடும். அதன்மேல் கடுஞ்சீமெந்துப் பூச்சை அப்பினால் ஈரம் உள்ளே சிறைப்பட்டுச் சுவர் அரிக்கும்.

நான்காவது, வீட்டுத்திட்ட வீடுகள். இந்திய அரசின் 50,000 வீடுகள் திட்டத்தில் வடக்குக் கிழக்கில் புதிய வீடொன்றுக்கு வழங்கப்பட்டது 5 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. வீட்டுக்காரரே கட்டுவிக்கும் அத்திட்டம் பல்லாயிரம் குடும்பங்களுக்கு நிழல் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால், தொகை கட்டங்கட்டமாக வந்தது. ஒரு கட்டம் முடிந்தால்தான் அடுத்த கட்டப் பணம். அத்திவாரத்தை விரைந்து முடித்துக் காட்டவேண்டிய நெருக்கடியும், பெரிதாய்க் கட்டும் ஆசையும், அதற்காகப் பட்ட கடனும் சேர்ந்து, மண் நிரப்பும் வேலையைச் சிலர் அவசரத்தில் முடித்தார்கள். அரையடி அரையடியாக நிரப்பி, நனைத்து, இடித்து இறுக்கவேண்டிய கிறவல் ஒரேயடியாகக் கொட்டப்பட்டால், பின்னர் நிலம் மட்டும் தாழும். ரைல்ஸைத் தட்டினால் வெற்றோசை வரும். சுவர் வெடிக்காமல் நிலம் மாத்திரம் தாழ்ந்திருந்தால் அத்திவாரத்தைக் குற்றஞ்சாட்டவேண்டாம். உள்நிரப்பைத் திருத்தினால் போதும். இந்த வேறுபாடு தெரியாமல் தேவையற்ற வேலைக்குக் கடன்படும் பெண் தலைமைத்துவக் குடும்பங்களை நினைக்கும்போது மனம் வருந்துகின்றது.

கிழக்கின் கரையோரத்தில் மணலே நிலம். மணல் நல்ல தாங்கு நிலந்தான். ஆனால், ஓடும் நீர் அதனை அள்ளிக்கொண்டு போய்விடும். 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலையைத் தாங்கி நின்ற சுவர்கள்கூட, அடியிலிருந்த மணல் அரிக்கப்பட்டதால் பின்னர் கவிழ்ந்தன. இன்று அதே வேலையைச் சிறிய அளவில் செய்வது, உடைந்த தண்ணீர்க் குழாயும், சுவரடியில் விழும் பீலித் தண்ணீரும், அத்திவாரத்தை ஒட்டி வெட்டிய கழிவுநீர்க் குழியும்.

திருத்தும் ஒழுங்கு

திருத்தத்தின் முதல் வேலை நீரை வெளியேற்றுவது. பீலி போட்டுக் கூரைத்தண்ணீரைத் தூரக் கொண்டுசெல்லுங்கள். வீட்டைச் சுற்றி இரண்டு மூன்றடி அகலத்துக்கு வெளிப்புறம் சரியும் கொங்கிறீட் தளமும் அதன் ஓரத்தில் வாய்க்காலும் அமையுங்கள். ஒழுகும் குழாயை மாற்றுங்கள். கழிவுநீர் ஊறும் குழி சுவரோடு இருந்தால் தூர நகர்த்துங்கள். பல வீடுகளில் இவ்வளவோடு அசைவு நின்றுவிடும்.

இரண்டாவது, தோண்டிப் பார்ப்பது. வெடித்த இடத்தருகே ஒரு சிறு குழி, அத்திவாரத்தின் அடிவரை. அத்திவாரம் எவ்வளவு ஆழம், எதன்மேல் நிற்கின்றது, கற்களுக்கிடையே சாந்து இருக்கின்றதா என்பது அப்போதுதான் தெரியும். குழி ஒன்றே ஒன்றாகவும், அகலங்குறைந்ததாகவும், பார்த்த அன்றே மூடப்படுவதாகவும் இருக்கட்டும்.

மூன்றாவது, அவசியமானால் மட்டும், அத்திவாரத்துக்குக் கீழே புதிய அத்திவாரம் கொடுப்பது. இது பொறியியலாளரின் வரைபடமும் மேற்பார்வையும் இன்றிச் செய்யக்கூடாத வேலை. சுவரின் நீளத்தை மூன்றடி முதல் நாலரை அடி வரையான துண்டுகளாகப் பிரித்து, அடுத்தடுத்த துண்டுகளை ஒரே நேரத்தில் தோண்டாமல், இடைவிட்டு இடைவிட்டே தோண்டவேண்டும். ஒரு துண்டில் கொங்கிறீட் போட்டு, அது இறுகியபின், பழைய அத்திவாரத்துக்கும் புதியதற்கும் இடையே விட்ட மூன்றங்குல இடைவெளியில் ஈரங்குறைந்த சாந்தை இடித்து இறுக்கி, சுமை புதியதன்மேல் இறங்கியபின்பே பக்கத்துத் துண்டில் கைவைக்கலாம். வேலையை விரைவில் முடிக்கவென்று சுவரின் முழு நீளத்தையும் ஒரேயடியாகத் தோண்டுவது, சுவரையும் அதனடியில் நிற்கும் தொழிலாளியையும் பலிகொடுப்பதாகும். மூன்று வார விடுமுறைக்குள் இது முடியும் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம்.

கரும் களிமண்ணில் புதிதாகக் கட்டுபவர்கள், மண் வீங்கிச் சுருங்கும் ஆழத்துக்குக் கீழே அத்திவாரத்தை இறக்கவேண்டும். அல்லது களியை அகற்றிக் கிறவலால் நிரப்பி, சுவர்களையெல்லாம் கம்பி போட்ட கொங்கிறீட் பீமினால் ஒன்றாகக் கட்டவேண்டும். நீர் உறிஞ்சும் பெருமரங்களை வீட்டருகே நடக்கூடாது. ஏற்கெனவே நிற்கும் பெருமரத்தைத் திடீரென வெட்டினாலும் மண் நீரேறி வீங்கும் என்பதால், வெட்டுமுன் ஆலோசனை பெறுங்கள்.

வெடிப்பை அடைப்பது கடைசி வேலை. அசைவு நின்றதென்று கொப்பி சொன்னபின், பொருத்துகளைச் சுரண்டித் துருப்பிடிக்காத கம்பிகளை வெடிப்புக்குக் குறுக்கே பதித்து, சுவரின் சாந்துக்கு ஒத்த சாந்தால் மூடவேண்டும். நாம் இன்று முதலாவதாகச் செய்வது இந்தக் கடைசி வேலையைத்தான். அதையும் அரைகுறையாகச் செய்கின்றோம்.

திருத்தக்கூடாத வெடிப்பு

மலையகத்தில் இந்த ஒழுங்கு பொருந்தாது. அங்கு சுவர் வெடிப்பது வீட்டின் நோயாக இல்லாமல் மலையின் அசைவாக இருக்கலாம். நிலத்தில் புதிய வெடிப்பு, சாயும் மரங்களும் மின்கம்பங்களும், திடீரென ஊறும் அல்லது கலங்கி வரும் நீரூற்று ஆகியவற்றோடு சேர்ந்து சுவரும் வெடித்தால், அங்கு செய்யவேண்டிய வேலை வெளியேறுவதுதான். 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியாபெத்தையில் லயன்கள் புதையுண்டதும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலையகமெங்கும் சரிவுகள் உயிர்களைப் பறித்ததும் நாம் கண்டவை. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கமும், மண்சரிவு அபாயத்தை ஆராயும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனமும் அதற்காகவே இருக்கின்றன. ஆனால், தமக்கெனக் காணி இல்லாத தோட்டத் தொழிலாளரிடம் “வெளியேறு” என்று சொல்பவர்கள், “எங்கே?” என்ற கேள்விக்கும் விடை வைத்திருக்கவேண்டும். அந்த விடை இல்லாதவரை எச்சரிக்கை பாதிப் பயனே தரும்.

காரணம் வளவுக்கு வெளியேயும் இருக்கலாம் என்பதற்குப் பண்டாரவளை சாட்சி. உமா ஓயா திட்டச் சுரங்கத்துள் 2014 டிசம்பரில் நிலத்தடி நீர் பாய்ந்தபின், அப்பகுதியில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. அங்கு எத்தனை முறை சுவரைப் பூசியிருந்தாலும் என்ன பயன்?

நிலையம் எடுப்போம்; மண்ணையும் பார்ப்போம்

வீடு கட்டுமுன் நிலையம் எடுப்பது எமது வழக்கம். வாசல் எத்திசை, கிணறு எந்த மூலை, நாள் நட்சத்திரம் என்ன என்பதெல்லாம் கேட்டறிந்தே அத்திவாரக்கல் நாட்டுகின்றோம். அந்த வழக்கத்தை நான் இகழவில்லை. அதே வளவில் நான்கு மூலைகளிலும் நான்கு குழி வெட்டி மண்ணையும் பாருங்கள் என்றே வேண்டுகின்றேன். ஒரு நாட் கூலியோடு முடியும் வேலை அது.

லண்டனில் ஹரோவிலோ வெம்பிளியிலோ வீடு வாங்கும் எம்மவர், அங்குள்ள களிமண்ணை அறிந்து, நிலஅளவையாளரின் அறிக்கையின்றிக் கையொப்பமிடுவதில்லை. 1976ஆம் ஆண்டின் வரட்சியில் அந்தக் களிமண் சுருங்கி வீடுகள் வெடித்த அனுபவம் அந்நகருக்கு உண்டு. ரொறன்ரோவில் நிலம் உறையும் ஆழத்துக்குக் கீழே, சுமார் 4 அடியில், அத்திவாரம் இறங்கவேண்டும் என்பது அங்குள்ள எம்மவருக்குத் தெரியும். அந்த விழிப்பு விமானத்தில் ஏறும்போது எங்கே தொலைந்துபோகின்றது? ஊர் வீட்டுக்குப் பணம் அனுப்பும்போது “எத்தனை நிறம் அடிக்கலாம்?” என்று கேட்பவர், “குழி வெட்டிப் பார்த்தீர்களா?” என்று ஏன் கேட்பதில்லை?

உள்ளூராட்சி மன்றங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சாதாரண வீட்டுக்கு அனுமதி வழங்கும்போது மண் பரிசோதனை அறிக்கை கேட்பது அரிது. ஏழைக்கு அது தாங்கமுடியாத செலவு என்பதும் உண்மை. ஆனால், ஒரு பிரதேச சபை தனது எல்லைக்குள் வெட்டப்படும் அத்திவாரக் குழிகளின் ஆழத்தையும் மண்ணையும் கிராம அலுவலர் பிரிவு வாரியாக ஒரு பதிவேட்டில் எழுதிவைக்கலாமே. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடம் இருக்கின்றது. அதன் மாணவர்கள் விடுமுறையில் இந்தப் பதிவேட்டைத் தொகுத்தால், சில ஆண்டுகளில் வடக்கு முழுவதுக்கும் ஒரு மண் வழிகாட்டி கிடைக்கும். புதிதாக வீடு கட்டும் கைம்பெண் ஒருவர் அந்தப் பதிவேட்டைப் பார்த்து, “உங்கள் தெருவில் மூன்றடிக்குக் கீழேதான் உறுதியான நிலம்” என்பதைக் காசின்றி அறியலாம். கோயில் கோபுரங்களுக்கும் பாடசாலை நுழைவாயில்களுக்கும் மனமுவந்து கொடுக்கும் புலம்பெயர் சங்கங்கள், பெயர்ப்பலகை வைக்கமுடியாத இந்த வேலைக்கும் சிறிது கொடுக்கலாம்.

இந்த ஓகஸ்ட்டில் ஊருக்குச் செல்லவிருக்கும் வாசகர்களிடம் ஒன்று கேட்கின்றேன். வீட்டிலுள்ள வெடிப்பை இம்முறை பூசவேண்டாம். பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதிவிட்டு வாருங்கள். வீட்டில் இருக்கும் பெரியவர்களிடம், முன்பு அந்த இடத்தில் என்ன இருந்ததென்று விசாரியுங்கள். பூச்சுக்கும் பெயின்றுக்கும் வைத்திருந்த பணத்தை வங்கியிலேயே விட்டுவிட்டு, மாரியில் ஒருவரைக் கொண்டு அளந்து பார்ப்பியுங்கள். படத்தில் வீடு கொஞ்சம் அழகு குறைந்து தெரியும். உறவினர் எவராவது “காசிருந்தும் திருத்தாமல் விட்டிருக்கிறார்கள்” என்று கதைக்கவும் கூடும். கதைக்கட்டும். அந்தச் சுவரின் கீழ்ப் படுத்துறங்குவது உங்கள் தாயோ தந்தையோதான்.